ஏரி தெரியும் அறை, எட்டிப் பார்த்தால் மட்டும்

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் பதினோரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கோடு போட்ட தாள், மணிமணியான கையெழுத்து, பத்திக்குப் பத்தி எண். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

தை மாதம் அவர்களுடைய 40ஆவது திருமண நாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், கொடைக்கானலில் பெயர்பெற்ற ஒரு பெரிய ஹோட்டலில் ஓர் இரவுக்கு அறை எடுத்துக் கொடுத்திருக்கிறார். செயலி வழியாகப் பதிவு. 'ஏரி தெரியும் அறை, ஹீட்டர் வசதி, காலை உணவு உட்பட.' வாடகை 16,500 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,970, ஆக மொத்தம் 19,470. பதிவை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காது என்ற நிபந்தனையும் உண்டு.

போய்ச் சேர்ந்தால், அறை ஜன்னலுக்கு நேரே ஜெனரேட்டர் கொட்டகையின் தகரக் கூரை. ஏரி எங்கே என்று கேட்டதற்கு, குளியலறையின் மேல் ஜன்னலைக் காட்டியிருக்கிறார்கள். கட்டை விரலில் ஊன்றி நின்று எட்டிப் பார்த்தால் இரண்டு யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே கைக்குட்டை அளவுக்குத் தண்ணீர் தெரிந்ததாம். கணவருக்கு 67 வயது, முழங்கால் அறுவை செய்தவர்; அவர் அந்த ஏரியைப் பார்க்கவே இல்லை. அறையில் ஹீட்டர் இல்லை. கேட்டதற்கு 500 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது அரை மணி நேரத்தில் அணைந்துவிட்டது. குழாயில் வெந்நீர் வரவில்லை, இரண்டு வாளிகளில் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரவு ஒன்பது மணிக்குப் புல்வெளியில் ஏதோ நிறுவனத்தின் கொண்டாட்டம் ஆரம்பித்து, ஒலிபெருக்கி நள்ளிரவு தாண்டி 12.40க்குத்தான் நின்றிருக்கிறது. வரவேற்பிடத்துக்கு நான்கு முறை தொலைபேசியில் சொல்லியும் பலனில்லை.

காலையில் மேலாளர் ஒரு கேக்கும், அடுத்த முறை வந்தால் 20 சதவீதத் தள்ளுபடி என்ற கூப்பனும் கொடுத்திருக்கிறார். பணத்தைக் கேட்டால், செயலியிடம் கேளுங்கள் என்கிறது ஹோட்டல். ஹோட்டலிடம் கேளுங்கள் என்கிறது செயலி. கோபத்தில் அம்மையார் இணையத்தில் ஒரு விமர்சனம் எழுத, மூன்றாம் நாள் 'அவதூறு வழக்குத் தொடுப்போம்' என்று ஹோட்டலிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவர் கேட்பவை: பணம் கட்டியது மகன் என்பதால் எனக்கு உரிமை உண்டா? 25 லட்சம் இழப்பீடு கேட்கலாமா? போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா? நட்சத்திர உரிமத்தை ரத்து செய்ய வைக்க முடியுமா? 'போனால் போகிறது, விட்டுவிடு' என்கிறார் கணவர், விடத்தான் வேண்டுமா?

அன்புள்ள அம்மா,

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த பில் நகல்களை மேசையில் விரித்துவைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வழக்கு என்று போனால் காகிதம் சேர்க்க வேண்டும், தேதிக்குக் காத்திருக்க வேண்டும், எதிர்த்தரப்பு எழுதும் பதிலைப் படித்துவிட்டு இரவில் தூக்கமில்லாமல் புரள வேண்டும். இதற்கெல்லாம் உங்களுக்கு மனம் இருக்கிறதா என்பதை நீங்களும் ஐயாவும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் 'நம்மிடம் என்ன இருக்கிறது, அவர்கள் பெரிய ஆட்கள்' என்ற எண்ணத்தில் விட்டுவிட நினைத்தால், அது தவறான கணக்கு. உங்களிடம் நல்ல வழக்கு இருக்கிறது. நீங்கள் நினைக்கும் அளவு பெரிய வழக்கு இல்லை, அவ்வளவுதான்.

கட்டியவர் மகன், தங்கியவர் நீங்கள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 'நுகர்வோர்' யார் என்று சொல்லும் இடத்தில், காசு கொடுத்துச் சேவையைப் பெறுபவரை மட்டும் சொல்லவில்லை. அவருடைய சம்மதத்தோடு அந்தச் சேவையை அனுபவிப்பவரும் நுகர்வோரே. உங்கள் மகன் உங்களுக்காகவே பதிவு செய்தார். பதிவுச் சீட்டில் தங்குபவர்கள் என்று உங்கள் இருவர் பெயரும் இருக்கிறது. ஆகவே புகார்தாரராக நீங்களே நிற்கலாம். மகனையும் சேர்த்தால் அவர் அங்கிருந்து பிரமாணப் பத்திரம் சான்றொப்பமிட்டு அனுப்ப வேண்டும், வீண் அலைச்சல். பணம் தன் அட்டையிலிருந்து போனது, பெற்றோருக்காகப் போட்ட பதிவு என்று அவர் ஒரு மின்னஞ்சல் எழுதி, அட்டைக் கணக்கில் அந்த ஒரு வரி தெரியும் பக்கத்தையும் அனுப்பினால் போதும்.

இன்னொரு பயமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஹோட்டல் இருப்பது திண்டுக்கல் மாவட்டம், செயலியின் நிபந்தனைகளிலோ பெங்களூரு நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று எழுதியிருக்கிறது, முழங்கால் வலியோடு அவரை அழைத்துக்கொண்டு நான் எங்கே போவேன் என்கிறீர்கள். எங்கும் போக வேண்டாம். பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ சம்பவம் நடந்த ஊருக்கோதான் போயாக வேண்டும். 2019 சட்டத்தின் 34ஆவது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் தரலாம் என்று மாற்றிவிட்டது. உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே உங்கள் இடம். பெங்களூரு என்ற அந்த வரியைப் பார்த்து மலைக்காதீர்கள். சட்டம் நுகர்வோருக்குக் கொடுத்த வசதியைச் செயலியின் நிபந்தனை பறித்துவிட முடியாது.

'பணம் திரும்பாது' என்றால் என்ன?

மகனும் இந்த வரியைப் படித்துவிட்டுத்தான் சோர்ந்துபோயிருக்கிறார். நிதானமாகப் படியுங்கள். நீங்கள் வரவில்லை என்றால், அல்லது நீங்களாக ரத்து செய்தால், பணம் கிடையாது என்கிறது அது. அவர்கள் சொன்னதைக் கொடுக்காமல் போனால் என்ன என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கல்யாணத்துக்குச் சமையல்காரரிடம் கொடுத்த முன்பணம் நாம் தேதியை மாற்றினால் திரும்பாது, சரி. அவர் பாயசத்துக்குப் பதில் கஞ்சி ஊற்றிவிட்டு அதே பேச்சைப் பேச முடியுமா?

சட்டத்தின் பேச்சில் இது 'சேவைக் குறைபாடு': ஒப்புக்கொண்ட தரத்திலோ முறையிலோ குறை இருப்பது. ஏரி தெரியும் அறை என்று விற்றுவிட்டுக் கொட்டகை தெரியும் அறையைக் கொடுத்தது குறைபாடு மட்டுமல்ல, தவறான விளம்பரம் என்றும் வாதிடலாம். வாடகையில் சேர்ந்திருந்த ஹீட்டருக்குத் தனியாக 500 வாங்கினார்களே, அதற்கு அவர்கள் ரசீதும் கொடுத்திருக்கிறார்கள். வழக்கறிஞனாக எனக்கு மிகவும் பிடித்த காகிதம் அதுதான். பதிவுச் சீட்டில் 'ஹீட்டர் வசதி', ரசீதில் 'ஹீட்டர் வாடகை'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாதமே வேண்டாம்.

ஒலிபெருக்கி விஷயத்தில் உங்கள் பக்கம் இன்னும் வலுவானது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்டிகை, கலாசார விழா நாட்களுக்கு மட்டும், ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம். ஒரு நிறுவனத்தின் ஆட்டபாட்டம் அந்தக் கணக்கில் வராது, 12.40 எந்தக் கணக்கிலும் வராது. அன்றைக்கே 100க்கு ஒரு அழைப்பு போட்டிருந்தால் அந்தப் பதிவு இப்போது கையில் இருந்திருக்கும். போடாததால் வழக்கு விழுந்துவிடாது.

வரவேற்பிடத்தில் கையெழுத்து வாங்கிய அட்டையின் அடியில் 'விருந்தினருக்கு நேரும் அசௌகரியங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சிட்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஹோட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடுபோன ஒரு வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதே மாதிரியான வரியை எடைபோட்டது. 'உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு' என்று சீட்டில் அச்சடித்துவிட்டு, தன் கவனக்குறைவுக்கு ஹோட்டல் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். உங்கள் விவகாரம் காரைவிடச் சிறியதுதான், வாதம் பொருந்தும்.

'மிக நன்று' என்று நீங்கள் போட்ட கையெழுத்து

கடிதத்தின் ஒன்பதாம் பக்கத்தில், போகிற போக்கில் சொல்வதுபோல ஒன்று எழுதியிருக்கிறீர்கள். கிளம்பும்போது கருத்துப் படிவம் நீட்டினார்கள். எல்லாவற்றிலும் 'மிக நன்று' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வெந்நீர் வாளி தூக்கிவந்த பையன், 'நன்றாக இருந்தது என்றே போடுங்கள் அம்மா, இல்லாவிட்டால் எங்களைத்தான் திட்டுவார்கள்' என்று கெஞ்சினான்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து வீசப்போவது இந்தப் படிவத்தைத்தான். ஆகவே இதை ஒளிக்காதீர்கள். உங்கள் புகாரிலேயே, அவர்கள் சொல்வதற்கு முன்பே, நீங்களே சொல்லிவிடுங்கள். தானாக ஒப்புக்கொண்ட விஷயம் ஒரு பத்தியில் முடிந்துவிடும். மறைத்துவைத்து அகப்பட்டால் மற்ற பத்து உண்மைகளையும் கூட இழுத்துக்கொண்டு போகும்.

அந்தப் படிவத்துக்கு எதிராக உங்களிடம் இருப்பது, நீங்கள் சான்று என்றே நினைக்காத ஒன்று. அன்று இரவு 11.52க்கு மகனுக்கு வாட்ஸ்அப்பில் 'அப்பா தூங்கவே இல்லை, சத்தத்தைக் கேள்' என்று எழுதி, 18 விநாடி வீடியோ ஒன்றையும் அனுப்பியிருக்கிறீர்கள். வழக்கு போடும் எண்ணமே இல்லாத நேரத்தில், தூக்கம் கெட்ட ஒரு தாய் மகனுக்கு எழுதிய வரி. மறுநாள் காலை அவசரத்தில் டிக் அடித்த படிவத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். ஒரு சின்ன விஷயம்: மகனின் தொலைபேசியில் அதே செய்தி அதிகாலை 2.22 என்று காட்டும், சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால். அதையும் பிரமாணப் பத்திரத்தில் ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். இந்த இரண்டு நேரங்களை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்ய ஆட்கள் இருக்கிறார்கள்.

வீடியோவும் படங்களும் எடுத்த அந்தத் தொலைபேசியிலேயே அப்படியே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலில், எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்கள் உதிர்ந்துவிடும். பேரன் விளையாட வாங்கி, இடம் போதவில்லை என்று அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டம் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். நுகர்வோர் ஆணையம் இதில் நீதிமன்றம் அளவுக்குக் கெடுபிடி காட்டுவதில்லை. இருந்தாலும் இணைத்துவிடுவது நல்லது. மலை ஏறுவதற்கு எடுத்த இ-பாஸ் இருக்கிறதா? 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவால் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் அது கட்டாயமாயிற்று. அன்றைக்கு நீங்கள் அங்கே போனதற்கு அரசே கொடுத்த சாட்சி அது.

அந்த 20 சதவீதக் கூப்பனைத் தொடாதீர்கள். பயன்படுத்தினால், சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்ல இடம் கொடுத்ததாகும். கேக் போகட்டும், அது வயிற்றுக்குள் போன சமாச்சாரம்.

பில்லில் பார்க்க வேண்டிய ஒரு வரி

இரவு உணவு பில்லை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதில் கேட்க வேண்டியதைக் கேட்காமல், கேட்கக் கூடாததைக் கேட்டிருக்கிறீர்கள். உணவு 3,240 ரூபாய். அதன் கீழே 'சேவைக் கட்டணம் 10 சதவீதம்' என்று 324. இரண்டையும் கூட்டி 3,564க்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 641 ரூபாய் 52 காசு. அதாவது கேட்காமல் போட்ட கட்டணத்துக்கு வரியும் உங்கள் தலையில், 58 ரூபாய் 32 காசு.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, ஹோட்டலோ உணவகமோ பில்லில் தானாகச் சேவைக் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் சூட்டியும் வாங்கக் கூடாது. அதைப் பில் தொகையோடு கூட்டி மொத்தத்துக்கும் வரி போடக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் இதை எதிர்த்துப் போன வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மெனு அட்டையில் அச்சிட்டிருந்தோமே என்று அவர்கள் சொல்வது பதிலாகாது. 382 ரூபாய் 32 காசு சின்னத் தொகை. ஆனால் ஹோட்டலின் பழக்கம் எப்படி என்பதை ஆணையத்துக்குக் காட்ட இதைவிட நல்ல வரி பில்லில் இல்லை.

மாறாக நீங்கள் மூன்று பக்கம் கொதித்திருப்பது தண்ணீர் பாட்டிலுக்காக. அச்சிட்ட விலை 50, பில்லில் 150, இது குற்றம் என்கிறீர்கள். கடையில் என்றால் குற்றம். ஹோட்டலில் இல்லை. 2017 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், ஹோட்டலிலும் உணவகத்திலும் பாட்டில் தண்ணீரை அதிகபட்ச விலைக்கு மேல் விற்பதை எடையளவுச் சட்டம் தடுக்காது என்று சொல்லிவிட்டது. அங்கே நாம் வாங்குவது தண்ணீர் மட்டுமல்ல, மேசை, நாற்காலி, பரிமாறும் ஆள் எல்லாம் சேர்ந்தது என்பது வாதம். எனக்கும் அந்தத் தீர்ப்பு இனிக்கவில்லை, ஆனால் அதுதான் சட்டம். அந்த மூன்று பக்கங்களையும் கிழித்துவிடுங்கள். தோற்கப்போகும் ஒரு புள்ளியைச் சேர்த்தால், ஜெயிக்கக்கூடியவையும் அதன் பக்கத்தில் நின்று மங்கும்.

அதேபோல ஐயாவின் காய்ச்சல். குளிர் அறையால் வந்தது என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய மருத்துவர் சீட்டிலோ வைரஸ் காய்ச்சல் என்றிருக்கிறது, தேதி மூன்று நாள் தள்ளி. மருத்துவச் செலவைக் கேட்காதீர்கள். முழங்கால் அறுவை செய்த ஒருவர் வெந்நீரும் ஹீட்டரும் இல்லாமல் இரவைக் கழித்தார் என்பதே போதும், அதற்கு அறுவை சிகிச்சைக் குறிப்பு இருக்கிறது.

25 லட்சம், போலீஸ், நட்சத்திரம்

இழப்பீட்டைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். டெல்லியில் ஒரு பெரிய ஹோட்டலின் அழகு நிலையத்தில் முடியைத் தவறாக வெட்டிவிட்டார்கள் என்று ஒரு பெண் தொடுத்த வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது, நாடெங்கும் செய்தியானது. உங்கள் 25 லட்சத்துக்குப் பின்னால் அந்தச் செய்திதான் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். ஆனால் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குறைபாடு இருந்தது என்பதில் தலையிடாமல், அந்தத் தொகையை மட்டும் ரத்து செய்து திருப்பி அனுப்பியது. கேட்டார் என்பதற்காகக் கொடுக்க முடியாது, இழப்புக்கு ஆதாரம் வேண்டும் என்றது. வழக்கு அதற்குப் பிறகும் நீண்டது.

உங்கள் மன வேதனை உண்மையானது. நாற்பதாவது திருமண நாள் இன்னொரு முறை வராது. அதற்கும் ஆணையம் தொகை தரும், ஆனால் அறை வாடகையோடு ஏதோ ஒரு பொருத்தம் உள்ள தொகையாக இருக்கும். நான் உங்கள் வழக்கறிஞராக இருந்தால் கேட்பது இவ்வளவு: அறைக்குக் கொடுத்த 19,470, ஹீட்டருக்கு 500, சேவைக் கட்டணமும் அதன் வரியும் 382.32, மன உளைச்சலுக்கு 50,000, வழக்குச் செலவு 10,000. இதிலும் முழுவதும் கிடைக்கும் என்று எழுதித் தர மாட்டேன். அறையில் தங்கினார்கள், காலை உணவு சாப்பிட்டார்கள் என்று சொல்லி வாடகையில் ஒரு பகுதியை மட்டும் திருப்பச் சொல்லலாம். கேட்பது அளவாக இருந்தால், கேட்பவர் சொல்வதை நம்பத் தோன்றும். 25 லட்சம் என்று முதல் பக்கத்தில் பார்த்தவர் இரண்டாம் பக்கத்தைச் சந்தேகத்தோடுதான் திருப்புவார்.

போலீஸ் புகார் வேண்டாம். மோசடி என்ற குற்றத்துக்கு, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். மோசமான அறை கொடுத்ததெல்லாம் மோசடியாகாது. நிலையத்தில் 'இது சிவில் விவகாரம்' என்று அனுப்பிவிடுவார்கள், அலைச்சல்தான் மிச்சம்.

நட்சத்திர உரிமம் என்று ஒன்று இல்லை. ஹோட்டல் நடத்த நட்சத்திரம் கட்டாயமே இல்லை. விருப்பப்பட்டு விண்ணப்பிக்கும் ஹோட்டலை மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் குழு பார்வையிட்டுத் தரம் கொடுக்கும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். செயலியில் நீங்கள் பார்த்த ஐந்து நட்சத்திரம் அந்தச் செயலி போட்டதாக இருக்கலாம். ஹோட்டலின் சொந்தத் தளத்திலேயே 'ஐந்து நட்சத்திர ஹோட்டல்' என்று இருந்து, அமைச்சகத்தின் சான்று இல்லை என்றால், அது உங்கள் தவறான விளம்பர வாதத்துக்கு ஒரு கூடுதல் வரி. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

எங்கே தொடங்குவது?

முதலில் செயலியின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் ஒரு புகார். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். மகன் அரட்டைப் பெட்டியில் பேசியது இந்தக் கணக்கில் சேராது. அலுவலரின் பெயரும் மின்னஞ்சலும் செயலியின் தளத்திலேயே இருக்க வேண்டும், தேடி எடுக்கச் சொல்லுங்கள். அதே நாளில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை, ஆனால் அவர்கள் அனுப்பும் செய்தியைப் பார்த்ததுமே சில நிறுவனங்கள் வழிக்கு வருகின்றன.

ஹோட்டலுக்கு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு அறிவிப்பு அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். வழக்கறிஞர் வைத்தும் அனுப்பலாம், நீங்களே எழுதினாலும் செல்லும். இவ்வளவு கோவையாக எழுதுகிறவருக்கு நான் எதற்கு? ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். பலகையில் இருக்கும் பெயர் வேறு, நடத்தும் நிறுவனத்தின் பெயர் வேறு. பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் இட்டால் சட்டப்படியான பெயர் வரும். அந்தப் பெயரில் அனுப்புங்கள், அந்தப் பெயர் மீதே புகார் கொடுங்கள். தவறான பெயரில் போட்டுவிட்டு ஒரு வருடம் கழித்துத் திருத்த மனு போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதில் வராவிட்டால் ஆணையம். ஹோட்டல், செயலி இரண்டையுமே எதிர்த்தரப்பாகச் சேருங்கள். அவரைக் கேள், இவரைக் கேள் என்ற ஆட்டம் அங்கே முடிந்துவிடும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகாரைப் பதிவு செய்யலாம். விசாரணையைக் காணொளி வழியாக நடத்தச் சொல்லி விண்ணப்பிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஐயாவின் முழங்காலைக் காரணமாகச் சொல்லுங்கள். நோட்டீஸ் கிடைத்தபின் எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் போட வேண்டும், கூடுதலாக 15 நாள்தான் தர முடியும். ஆனால் சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறதே என்று நாள்காட்டியில் வட்டம் போடாதீர்கள். நடைமுறையில் ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகலாம். இடையில் சமரச மையத்துக்கு அனுப்பட்டுமா என்று ஆணையம் கேட்டால், சரி என்று சொல்லுங்கள். இந்த மாதிரி வழக்குகள் அங்கேதான் சீக்கிரம் முடிகின்றன.

அந்த விமர்சனம்

அவதூறு மிரட்டல் உங்களை நடுங்க வைத்திருக்கிறது. விமர்சனத்தை நீக்கிவிடட்டுமா என்று கேட்கிறீர்கள். முழுவதும் நீக்க வேண்டாம், ஒரு வரியை நீக்குங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை அவதூறு ஆகாது என்று அந்தப் பிரிவே விலக்கும் தருகிறது. ஜெனரேட்டர் கொட்டகை, ஹீட்டர் ரசீது, 12.40 வரை சத்தம் எல்லாம் உண்மை, ஆதாரமும் இருக்கிறது. ஆனால் கடைசியில் 'திருட்டுக் கும்பல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு என்ன ஆதாரம் காட்டுவீர்கள்? முப்பது வருடம் மாணவர்களின் கட்டுரையைத் திருத்திய கை, அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிடட்டும். மேலே இருப்பதே படிப்பவருக்குப் போதும். மின்னஞ்சலுக்கு, 'நான் எழுதியது என் அனுபவம், ஆதாரம் உள்ளது' என்று இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டு, அந்த மிரட்டலையும் கோப்பில் சேருங்கள். குறை சொன்ன விருந்தினரை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

புகார் கொடுக்கச் சம்பவ நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் ஹோட்டலின் கேமராப் பதிவும் தொலைபேசிப் பதிவும் அவ்வளவு நாள் இருக்காது. ஆகையால் அறிவிப்பிலேயே, அன்று இரவின் வரவேற்பிடத் தொலைபேசிப் பதிவுகளை அழிக்காமல் வைக்கும்படி ஒரு வரி சேருங்கள். பின்னால் 'அழிந்துவிட்டது' என்று சொன்னால், அது அவர்கள் விளக்க வேண்டிய பாடு.

இன்னொன்று. கடிதத்தில் அந்த வெந்நீர் வாளிப் பையனின் பெயரையும், அவன் எந்த ஊரிலிருந்து வேலைக்கு வந்தான் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள், நல்ல எண்ணத்தோடுதான். மனுவில் 'பணியாளர் ஒருவர்' என்று மட்டும் போடுங்கள். படிவத்தில் அவனுக்காகத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்.